குபானிச் எழுதிய துணைக்கட்டளை

அடுப்பே இல்லாத அலுவலகத்தில் எண்ணெய் காயும் வாசனை வந்தது. மீரிம் நிமிர்ந்து பார்த்தாள். பிஷ்கெக்கின் நிலக்கரிப் புகை பகல் மூன்று மணியையே மங்கலாக்கி ஜன்னலில் அப்பியிருந்தது; உள்ளே ஆறு காலி நாற்காலிகள், வெந்நீர்க் குழாய் எப்போதாவது எதையோ விழுங்கும் சத்தம், அதற்கடியில் மாவு எண்ணெயில் விழுந்து பொரியும் மெல்லிய இரைச்சல்.

மற்றவர்கள், இறந்துபோன சக ஊழியர் குபானிச்சின் நாற்பதாம் நாள் விருந்துக்குப் போயிருந்தார்கள். போகாதவளைப் பற்றி அங்கே என்ன பேச்சு ஓடும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் நான்கு மணிக்குள் புது மென்பொருளை அனுப்பாவிட்டால் வேலை போய்விடும்.

அனுப்ப வேண்டியதோ குபானிச் தன் கையால் எழுதிக் கணினியில் சேர்த்த துணைக்கட்டளை வழியாக. தப்பாக ஓட்டினால் எல்லாம் அழியும். மனிதர் ஒரு வரி குறிப்பு வைத்தவரில்லை. யார் உதவி கேட்டாலும் “நகரு, நானே பண்றேன்” என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களால் கோழி கொத்துகிற மாதிரி தட்டுவார். அதில் அப்படி ஒரு பெருமை.

கட்டளையின் பெயரோடு ‘ஹெல்ப்’ என்று முழுதாக அடித்தாள். கையேடு இல்லை என்றது திரை.

விருந்திலிருந்த பக்கத்து நாற்காலி குல்சாதாவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அவர் கட்டளைக்கு உதவிப் பக்கமே இல்ல.”

“அவராவது, எழுதுறதாவது. முழுசா கேட்டா கையேட்டைத்தான்டி தேடும். வெறும் ‘ஹெச்’ போடு. கேள்வி நேரா அவர் எழுதினதுகிட்டயே போயிரும்.”

“இங்க எண்ணெய் வாசனை வருதுக்கா.”

“இங்கதான்டி போர்சோக் ரொட்டி பொரிக்கிறாங்க. செத்தவருக்கு வாசனை போய்ச் சேரணும்ல. உனக்கும் ஒரு பை எடுத்துட்டு வர்றேன்.”

வாசனை அவர் இருக்கும் இடத்துக்குத்தானே போகும் என்று மீரிம் நினைத்தாள். நினைத்திருக்க வேண்டாம்.

ஒற்றை எழுத்தை அடித்தாள்.

பதில் சட்டென்று வரவில்லை. திரையில் ஒரு எழுத்து. நின்று, இன்னொன்று. ஒரு பிழை. அழிந்தது. கொத்தும் தாளம்.

யாரு?

அவள் எதையும் தொடவில்லை.

மீரிமா?

நாற்காலி முதுகில் ஒரு கனம் சாய்ந்தது. வாசனை கன்னத்தருகே.

நகரு, நானே பண்றேன்.

அவள் நகரவில்லை.

அவர் காத்திருக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்கு ‘அனுப்பியாயிற்று’ என்றது திரை. தட்டும் சத்தம் நிற்கவில்லை. மீரிம் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். பத்து விரலாலும் தட்டப் பழகியவள் அவள். எட்டு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. எண்ணெய் மின்னும் இரண்டு மட்டும் கொத்திக்கொண்டிருந்தன.