சீமைக்குப் போன ரத்தம்

தலை சீவிக்கொண்டிருக்கும்போதே மருதாத்தாளின் இடது இமை தானாக இறங்கி மூடிக்கொண்டது. விரலால் தூக்கிவிட்டாள், மறுபடியும் இறங்கியது. அந்தியில்தான் இப்படி ஆகும். இன்றைக்கு மத்தியானமே ஆரம்பித்துவிட்டது.

எருத்தேன்பதி ஊரில் அவளுக்கு வைத்திருந்த பேர் நாடகக்காரி. காலையில் கடலைக்காட்டில் ஆளுக்குச் சமமாகக் களை வெட்டுவாள். பொழுது சாய்ந்தால் சோறு மெல்லத் தாடை வராது, பேச்சு மூக்கால் போகும். வேலைக்கள்ளி என்று நாத்தனார் கமலாத்தாள் ஓதி ஓதி, கட்டின புருஷன் சின்னையனே பாதி நம்பிவிட்டான், பாவி மனுசன். அவளை நம்பியது கோயமுத்தூர் டாக்டர் ஒருவர்தான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருளே, வளர்த்த நாய் வீட்டுக்காரனைக் கடிப்பதுபோல, அவள் சதையின் வலுவைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். அதைக் கண்டறியும் சோதனை புதுசு, இங்கே கிடையாது என்று ரத்தம் எடுத்துச் சீமைக்கு அனுப்பினார். அதுவரைக்கும் மாத்திரை கொடுத்தார். விழுங்க முடியாமல் போனால் பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றாமல் தூக்கிக்கொண்டு ஓடிவரச் சொன்னார்.

மாரியம்மனுக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டியதும் மாத்திரை டப்பா பரணுக்குப் போனது. ஆத்தா குடியிருக்கும் வீட்டில் மருந்து புழங்கக் கூடாதென்று கமலாத்தாள் ஒரே பிடி. கம்பம் பிடுங்கித் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கவும் கூடாது. சீமையிலிருந்து பதில் வந்ததா என்று கேட்டுவர சின்னையன் விடிகாலை பஸ்ஸில் போயிருந்தான். ரத்தம் ஆமென்று சொல்லிவிட்டால் போதும், டப்பா கீழே இறங்கிவிடும் என்று அவள் காத்துக் கிடந்தாள்.

கமலாத்தாளைக் கூப்பிடப் பார்த்தாள். குரல் வரவில்லை. கழுத்து துவண்டு தலை ஒரு பக்கம் சாய்ந்தது, மற்ற இமையும் மூடியது.

உள்ளே வந்த கமலாத்தாள் கண்டபடி ஏசப்போகிறாள் என்று நினைத்தால், அவள் தடாலென்று காலில் விழுந்தாள்.

"ஆத்தா எறங்கிட்டாளுங்கோ!"

பிறகு காலடிச் சத்தங்கள், வேப்பிலை வாசம், தொண்டையை அடைக்கும் சாம்பிராணிப் புகை, யாரோ அவளைத் தூணோடு சாய்த்துப் புதுச்சேலையால் மார்போடு சேர்த்துக் கட்டியது, ஈர மஞ்சள் நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வழிந்தது, வாசலில் பம்பை முழங்கியது, மழை வருமா, மகள் கல்யாணம் கூடுமா என்று காதருகே கெஞ்சிய குரல்கள். நான் ஆத்தா இல்லை என்று அவள் கத்தினாள். மனசுக்குள்தான். மூச்சு நெஞ்சுக்குழிவரைதான் போனது. அடுத்த மூச்சு அதுவரைகூடப் போகவில்லை.

தூரத்தில் பஸ் ஹாரன்.

ஓடிவரும் செருப்புச் சத்தம். பீடி வாசம். சின்னையன்.

அவன் அவள் காதில் வாய் வைத்து அழுதான். "மருதா, டாக்டர் சொல்லிட்டாரு, நெசந்தானாமா. உன்ற ரத்தத்துல அது இருக்குதாமா. நீ நடிக்கல புள்ள. நாந்தான் மடையன்."

அய்யோ, நம்பிவிட்டான். அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அழ வேண்டும்போல் இருந்தது. கண்ணீர் மட்டும் தானாக வழிந்தது.

தூக்கு. இப்பவே தூக்கிக்கிட்டு ஓடு.

"நாளான்னிக்குக் கம்பம் புடுங்கினதும் மொதக் காரியமா கூட்டிட்டுப் போறேன். இப்ப மாத்திரையைப் போட்டுக்க."

பரணில் டப்பா உருளும் சத்தம்.

"வெறுந்தண்ணியில வேண்டாந் தம்பி, தீர்த்தத்துல குடு. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றாள் கமலாத்தாள்.

வேண்டாம்.

பாசமாக அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து அண்ணாத்தினான். தாடை தானாகத் திறந்துகொண்டது. நாக்கில் கசப்பாக மாத்திரை. அதன்மேல் குளிர்ந்த மஞ்சள் தண்ணீர். தொண்டை அசையவில்லை. தண்ணீர் இறங்கவில்லை. ஏறியது. பல்வரை. உதடுவரை. ஒரு வேப்பிலை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மூச்சு.

மூச்சு இல்லை.

தொண்டைக்குள் ஒரே ஒரு குமிழி உடைந்தது.

"குடிக்கிறா! ஆத்தா குடிக்கிறா!"

பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவைக்கு அடியில், பக்கத்திலேயே, தீர்த்த அண்டாவில் இன்னொரு சொம்பு முங்கி நிறையும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.