வேப்பமரத்தில் கட்டிய கம்பி

“இன்னாடி இது... இன்னைக்கும் தேதியக் காணோம்! ராவுகாலம் எப்பன்னு யாரப் போயி கேக்கறது? நாளைக்கித் தேதிய வெச்சிக்கினு இன்னைக்கிப் பொழைக்கச் சொல்றியா?”

கூடத்துக் காலண்டர் முன்னால் நின்று அம்மாக்கண்ணு கத்தியது, தோட்டத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் அன்புக்கரசிக்குக் கேட்டது. அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசி பதினொரு மாதமாகிறது.

ராஜகிரிக் கோட்டைமேல் வெயில் ஏறுவதற்குள் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அன்றைய தாளைக் கிழித்து, துவைக்கிற கல்மேல் பின்பக்கமாக விரித்து, நான்கு மூலையிலும் கூழாங்கல் வைப்பாள். நேற்றைய தாள் ஆகாது. கடக்க வேண்டியது இன்றைய பொழுதையல்லவா? அடுப்புக் கரித்துண்டைக் கல்லில் தேய்த்துக் கூராக்குவாள். முதலில் இடதுபக்கம் வேப்பமரம். வலதுபக்கம் சுவரில் ஓர் ஆணி. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை எடுக்காமல், மரத்திலிருந்து ஆணிவரை ஒரே கோடாகத் துணிக்கம்பி. மூச்சை விட்டபின், கம்பியில் ஒரு சின்ன கவுன். கவுனுக்குப் பொத்தான் வைத்து முடித்தால், அன்றைய நாளை எப்படியாவது தள்ளிவிடலாம். வரையாத நாளில் அந்த ஒற்றை அலறல் காதைவிட்டுப் போகாது.

அது ரஞ்சனியின் கவுன். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள்... கவுனை எடுக்கப் போனவள்தான்.

மரத்தில் இருந்த துணிக்கம்பியை மோட்டார் கொட்டகையின் இரும்புக் கம்பத்துக்கு மாற்றிக் கட்டியிருந்தார்கள். கொட்டகைக்குள்ளே ஒயரின் மேல்தோல் தேய்ந்து, உள்ளிருந்த செம்பு கம்பத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் கம்பத்தில் கரண்ட். கம்பத்திலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து ஈரத்துணிக்கு, அங்கிருந்து, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்ற குழந்தைக்கு. கம்பி மரத்திலேயே இருந்திருந்தால் கரண்ட் வர வழியே கிடையாது.

“யாரு மாத்திக் கட்னது?” என்று கூடியிருந்தவர்கள் கேட்டபோது, அவள் கணவன் சிவசங்கர் கிணற்றைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். அந்த நடையின் அர்த்தம் அன்புக்கரசிக்கு மட்டும்தான் புரிந்தது.

“நாந்தான் கட்னேன்!” என்று அலறினாள்.

நடை நின்றது. அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அதன்பிறகு அவள் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

“அடிப்பாவி!” அம்மாக்கண்ணுவின் கத்தல் அவளை இன்றைய காலைக்கு இழுத்தது.

உள்ளேயிருந்து ஒரு காகிதக் கட்டு பறந்து வந்து தோட்டத்தில் சிதறியது. அரிசி டிரம்முக்குப் பின்னால் அவள் ஒளித்துவைத்திருந்த தாள்கள்.

“கரியில எழுதிக் கட்டு கட்டா வெச்சிருக்கா பாரு! பெத்த பொண்ணத் துண்ணது பத்தாதா? எம்புள்ளைக்கும் செய்வின வெக்கிறியா? சிவா... ஏ சிவா! எட்டரை பஸ்ல இவள அவலூர்பேட்டைக்கு ஏத்தி உடு. அப்பத்தான் நான் சோத்துல கை வெப்பேன்!”

அன்புக்கரசி எழுந்தாள். “எங்க அம்மா ஊட்டுக்கே போறேன் அத்த... அத மட்டும் அடுப்புல போட்றாதீங்க. எங்கிட்டயே குடுத்துடுங்க.”

கொல்லையிலிருந்து வந்த சிவசங்கர் குனிந்து தாள்களைப் பொறுக்கினான். துணிக்கம்பி தெரிந்ததும் அடுத்தடுத்த தாளைப் புரட்டினான். இரும்புக் கம்பம் எங்கே இருக்கும் என்று பயந்து பயந்து தேடினான். பழைய தாளில் கம்பி ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கியிருந்தது. தை மாதத் தாளில் அலையாக நெளிந்தது. நேற்றையதில் நேர்க்கோடு. ஆனால் முந்நூறு தாளில் ஒன்றில்கூடக் கம்பம் இல்லை!

“கம்பம் எங்க, அன்பு?” என்று நிமிர்ந்தான்.

“நான் ஒருநாளும் கம்பத்துல கட்டலைங்க... தெனமும் மரத்துலதான் கட்டறேன். தெனமும் அவ கவுன எடுத்துக்கினு, சிரிச்சிக்கினு, உள்ள வந்துட்றா...”

அவன் தாள்களோடு தாயின் பக்கம் திரும்பினான்.

“எம்மா... கம்பத்துல கட்னது இவ இல்லம்மா. நான்! நான் கெணத்துல உழப்போனதப் பாத்துட்டு, பழிய இவ ஏத்துக்கினா. நானும் ஒரு ஆம்பளன்னு வாய மூடிக்கினு சோறு துண்ணேனே...!”

அம்மாக்கண்ணு தோட்டத்துக்கு இறங்கி வந்தாள்.

“துணி மேல காக்கா எச்சம் உழுது, எடத்த மாத்துடான்னு... நான்தானடா சொன்னேன்! இந்த வாயாலதானடி ஒன்ன...” என்று தன் வாயிலேயே அறைந்துகொண்டாள்.

அன்புக்கரசி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த கையோடு கிழவி அவளை இழுத்து மார்பில் அணைத்துக்கொண்டாள். பதினொரு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. ரோட்டில் எட்டரை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

மறுநாள் விடியலில் அன்புக்கரசி காலண்டரைப் பார்த்தாள். தேதி ஏற்கெனவே கிழிபட்டிருந்தது. தோட்டத்தில், துவைக்கிற கல்மேல், நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்து விரித்திருந்தது.

“ராவுகாலத்த மனப்பாடம் பண்ணிக்கினேன். நீ எடுத்துக்க,” என்றாள் அம்மாக்கண்ணு, அடுப்படியிலிருந்து, முகத்தைக் காட்டாமல்.

கல்லருகே சிவசங்கர் உட்கார்ந்திருந்தான். கையை நீட்டினான். அவள் கரித்துண்டைக் கொடுத்தாள். மரம் போட்டான். ஆணி போட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியை இழுத்தான். பாதி தூரம்கூடப் போகவில்லை, ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. தாளில் ஒரு சொட்டு விழுந்து கரி கரைந்தது.

அன்புக்கரசி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மொத நாளு எனக்கும் இப்டித்தாங்க வந்துச்சி. கைய மட்டும் எடுத்துடாதீங்க... ஆணி வரைக்கும் வாங்க.”