ஆயில் தீரும் வரை

சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் அந்தக் கார் இரண்டு மூச்சு கூடுதலாக ஓடிவிட்டுத்தான் நின்றது. என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ சுழன்று அடங்கச் சற்று நேரம் பிடிக்கும், அது காதுக்காரருக்குத் தெரியாததா? ஆனால் இது அடங்கும் சத்தமாக இல்லை. மனமில்லாமல் நின்றதுபோல் இருந்தது.

பட்டறைகள் நிறைந்த அந்தத் தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டுப் பழுதைச் சொல்லிவிடுவார். மற்ற மெக்கானிக்குகள் அதைக் கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டு, தங்களுக்குப் பிடிபடாத வண்டியை அவரிடமே தள்ளிவிடுவார்கள்.

இந்த டீசல் காரை மதியம் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார் அதன் சொந்தக்காரர். ஓட்டிக்கொண்டே வந்திருக்கலாமே என்று போனில் கேட்டதற்கு, "அதுல இனிமே நான் உட்கார மாட்டேங்க" என்று வைத்துவிட்டார். டிரைவர் சீட்டின் பெல்ட் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக ஆயில் தேங்கிக் கிடந்தது. டர்போவின் சீல் போய், என்ஜின் ஆயில் காற்றோடு சேர்ந்து உள்ளே போகிறது. இந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆனாலும் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டாலொழிய அவருக்குச் சோறு இறங்காது.

பொழுது சாய்ந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று வந்த மனைவிதான் இருந்தாள்.

"கொஞ்சம் ஏறி உட்காரும்மா. குடுன்னா ஆக்ஸிலேட்டரை மிதி, விடுன்னா விடு."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை ஆசையா கூப்பிட்டது இதுக்கு மட்டும்தான்" என்று ஏறிக் கதவைச் சாத்தினாள்.

தூக்கி நிறுத்திய பானெட் அவளை மறைத்தது. அதன் அடியில் இருந்த இடுக்கில் ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அவள் சாவியைத் திருப்பியதும், டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களும் டிக்டிக்கென்று ஒழுங்காகத் தட்டின. ஸ்க்ரூடிரைவரை டர்போ பக்கம் நகர்த்தினார். சீறலை எதிர்பார்த்த காதில், உள்ளே இழுத்து, ஒரு கணம் நின்று, மெல்ல வெளியே விடும் ஒரு சத்தம் கேட்டது. இரவுகளில் பக்கத்துத் தலையணையில் அவர் கேட்டுப் பழகிய சத்தம் அது.

காருக்குள் அவள் தும்மினாள். என்ஜின் ஒருமுறை தடுக்கியது.

"குடு" என்றார். சத்தம் ஏறியது. "விடு."

"விட்டுட்டேங்க."

சத்தம் இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது.

"சாவியைத் திருப்பு! ஆஃப் பண்ணு!"

"பண்ணிட்டேங்க. சாவி என் கையில இருக்கு. கதவுதான் திறக்க மாட்டேங்குது."

இன்ஜெக்டர் வயர்களைப் பிடுங்கினார். நான்கையும். இனி ஒரு சொட்டு டீசல் போகாது. ஆனாலும் ஓடியது. தன் ஆயிலையே குடித்து ஓடியது. வெள்ளைப் புகை பட்டறையை நிறைத்தது. இப்படி வெறிபிடித்த என்ஜினை நிறுத்த ஒரே வழி, மூச்சை அடைப்பது. காற்றுக் குழாயை உருவி எறிந்து, அது பொருந்தியிருந்த என்ஜின் வாயில் ஒரு பலகையை வைத்து அழுத்தினார்.

என்ஜின் உதறியது. திணறியது.

இடுக்கில் இருந்த கைகள் ஸ்டியரிங்கை விட்டுக் கழுத்துக்குப் போயின.

இன்னும் ஒரே அழுத்து, நின்றுவிடும். அழுத்தினார். விரல்கள் கண்ணாடியைப் பிறாண்டின. நகங்கள் நீலம் பாரித்தன. பலகையை எடுத்துவிட்டார். என்ஜின் மூச்சு வாங்கியது. அவளும் வாங்கினாள். ஒரே மூச்சு.

சுத்தியலோடு ஓடி ஜன்னலில் அடித்தார். கண்ணாடியில் கீறல் விழவில்லை. அவள் நெற்றியில் விழுந்தது.

"வலிக்குதுங்க."

குரல் காருக்குள்ளிருந்து வரவில்லை. பின்னால், திறந்திருந்த என்ஜின் வாயிலிருந்து வந்தது.

பிறகு சத்தம் தானாகவே தளர ஆரம்பித்தது. வேறு எந்த நாளிலும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். ஆயில் தீருகிறது. அவள் தலை சாய்ந்தது. அவர் அலறிக்கொண்டு ஆயில் டப்பாக்கள் இருந்த அலமாரிக்கு ஓடினார். என்ஜினின் ஆயில் மூடியைத் திறந்ததும் கொதிக்கும் துளிகள் முகத்தில் தெறித்தன. ஊற்றினார். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார், அவள் தலை நிமிர்ந்தது. இன்னொரு டப்பா. இன்னொன்று. வீட்டுக்குக் கிளம்புகிற நேரமென்று அவளிடம் கொடுத்திருந்த போன் காருக்குள், அவள் பையில் இருந்தது. வெளியே ஓடி யாரையாவது கூப்பிடலாம். அதற்குள் தீர்ந்துவிட்டால்?

அலமாரியில் கடைசி டப்பா. அழுதுகொண்டே கவிழ்த்துப் பிடித்தார். இடுக்கில் அவள் கைகள் ஸ்டியரிங்கை இறுகப் பற்றியிருந்தன. நகக்கண்களிலிருந்து கறுப்பாக ஆயில் வழிந்துகொண்டிருந்தது.

கடைசிச் சொட்டு விழுந்தது.

உள்ளே இழுத்தது. நின்றது. வெளியே விடுவதற்காக அவர் காத்திருந்தார்.