கடைசி ஆள் முத்தமிடும் வரை

ஆகஸ்டு வெக்கையில் பேராலயமே அடுப்பாகக் கொதிக்க, மண்டியிட்டு மோதிரத்தை முத்தமிட்ட அந்தக் கிழவனின் உதடுகள் மட்டும் சில்லென்றிருந்தன. புதுப் பேராயர் தெசிமிர் விரலைத் துடைத்துக்கொண்டார். துணியில் கடற்பாசி வாடை அடித்தது.

பக்கத்தில் நின்ற மூத்த குரு மாத்தூலா அதைக் கவனித்துவிட்டார். இந்தப் பதவி தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்து ஏமாந்தவர் அவர்.

"என்ன ஆண்டவரே, அதுக்குள்ள அசதியா? எழுந்துக்கிறதுன்னா தாராளமா எழுந்துக்கலாம். எனக்கொண்ணும் வருத்தமில்ல."

"உம்ம ஆசை தெரியுது ஓய். நான் அசையமாட்டேன்."

அந்த நகரத்து வழக்கம் அப்படி. பதவியேற்கும் பேராயர், தன் மந்தையின் கடைசி ஆள் முத்தமிடும் வரை ஆசனத்தைவிட்டு எழக் கூடாது. எழுந்தால் பதவி போச்சு. தெசிமிரா எழுவார்? உப்பு வியாபாரி மகனாகப் பிறந்து, யார் யார் காலையோ பிடித்து, லூக்கொவ் என்ற சின்னத் தீவுக்கு ஆயராகி, அங்கே கொள்ளைநோய் தலைகாட்டியதுமே கோயில் வெள்ளிப் பாத்திரங்களோடு படகேறிய மனுஷர். நோய் பின்னாலேயே வந்துவிடக் கூடாதென்று மற்ற படகுகளையெல்லாம் உடைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். தங்கியவர்களை நோய் தின்றது. நீந்தத் துணிந்தவர்களைக் கடல் தின்றது. இவருக்கோ பணக்கார ஊரில் ஆயர் பட்டம், இன்று பேராயர் பட்டம். இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் காலம்.

வரிசை நகர்ந்தது. சாம்பிராணிப் புகையும் உருகும் மெழுகும் வியர்வையும் கலந்து மூச்சை முட்டிய அந்தக் கூடத்தில் எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கேட்கக் கேட்க அது கிட்டே வந்தது. குனிந்து நிமிர்ந்து போன ஒவ்வொருவர் பின்னாலும் கல்தரையில் ஈரக் காலடிகள் நீண்டன. அடுத்த உதடும் சில்லென்றிருந்தது. அதற்கடுத்ததும். தெசிமிர் கையைப் பார்த்தார். நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வெளுப்பு மணிக்கட்டைத் தாண்டியிருந்தது.

"மாத்தூலா, இவங்க எந்தக் கோயில் பங்கு ஜனங்க?"

"எவங்க? கடைசி ஆளு எப்பவோ போயாச்சு. நீங்கதான் கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. வாங்க, சாப்பாடு ஆறுது."

பொய். எழுப்பிவிட்டுப் பதவியைப் பறிக்கப் பார்க்கிறான்.

"யாருகிட்ட ஓய் உம்ம வேலையைக் காட்டறீர்? கண்ணெதிர்ல வரிசை நிக்குது!"

"அப்ப கிடங்க." மாத்தூலா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். மற்ற குருக்களும் அவர் பின்னால் போனார்கள்.

அடுத்து மண்டியிட்டவர் முகத்தை நிமிர்த்தினார். லூக்கொவ் கோயிலில் மணியடித்தவர். பாதி முகத்தை மீன்கள் தின்றிருந்தன.

தெசிமிர் அலறினார்.

"வேணாம். எனக்குப் பதவியே வேணாம்."

எழப் பார்த்தார். கால் வரவில்லை. கையை இழுத்தார். வரவில்லை.

"இருங்க ஆண்டவரே," என்றார் மணியடித்தவர், பரிவாக. "நாங்க உங்க ஜனங்கதானே. எல்லாரும் வந்துக்கிட்டிருக்காங்க."

திறந்த கதவு. படிகள். அப்பால் கடல். வரிசை தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று. தலைகள் எழும்பிக்கொண்டேயிருந்தன. கைக்குழந்தைகளுக்கும் மோதிரம் எட்டட்டும் என்று, தாய்மார்கள் அவற்றை இப்போதே உயரத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்கள்.