ஒரே பெயரில் இரண்டு வரி

2008இல் ஒரு வெள்ளிக்கிழமை, மாத்தளையில் நுஹ்மானின் கணினி திருத்தும் கடைக்கு, அவனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அஞ்சலா வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"கொழும்புல குண்டு வெச்சான்னு என் தம்பி இஞ்ஞாசிய புடிச்சிட்டாங்க நானா. அந்த நேரம் அவன் யட்டவத்த மருந்தகத்துல கைக்குத் தையல் போட்டுக்கிட்டு இருந்தான். பதிவக் கொண்டாந்தா வெளிய எடுத்துரலாம்னு லோயர் சொல்றாரு. கம்ப்யூட்டர்ல அவன் பேரே இல்லயாம்!"

கடையில் இருந்த நுஹ்மானின் தங்கை றஸ்மியாவுக்கு ரத்தம் கொதித்தது. யட்டவத்தையிலும் பல்லேகமவிலும் மருந்தகம் நடத்தும் தொண்டு நிறுவனத்தின் மாத்தளை அலுவலகத்துக்குள் மூவரும் போனதுமே அவள், பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஸக்கரியாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பொலிசுக்குப் பயந்து நீங்கதானே அழிச்சீங்க?"

"அல்லாஹ் மேல சத்தியமா நான் தொடல தங்கச்சி."

நுஹ்மான் யட்டவத்தை மருந்தகத்தின் குண்டு வெடித்த நாள் பதிவைத் திறந்து, முகவரிகளை நிதானமாகப் படித்தான்.

"றஸ்மியா, இதுல யட்டவத்த ஆள் ஒருத்தராவது இருக்காங்களா?"

இல்லை. அத்தனை பேரும் பல்லேகமக்காரர்கள்.

இரண்டு ஊர்க் கணினிகளையும் இணைத்து நடத்தும் மென்பொருளை அடுத்துத் திறந்தான். திரையில் இரண்டு வரிகள். இரண்டிலும் 'மாத்தளை மாவட்டத் தொண்டு மருந்தகம்' என்பதற்கான ஆங்கில எழுத்துகளே இருந்தன.

"ஒண்ணையே ரெண்டு தரம் போட்டிருக்கு" என்றாள் றஸ்மியா.

"இல்ல, மெஷின் ரெண்டு. ஊர்ப்பேரு கடைசியில இருக்கு. பேரு நீளமானா இந்த மென்பொருள் வாலை வெட்டிருது. அப்புறம் எதைக் கேட்டாலும் பல்லேகமவையே திறக்குது. ஒருத்தரும் எதையும் அழிக்கல."

"ஊரு மாறிடக் கூடாதுன்னுதான் அவ்வளவு நீளமா பேரு வெச்சேன்" என்றார் ஸக்கரியா. றஸ்மியா வெட்கித் தலைகுனிந்தாள்.

நுஹ்மான் அந்த மென்பொருளை விட்டுவிட்டு, யட்டவத்தைக் கணினியை அதன் பிணைய எண்ணைக் கொடுத்து நேரே திறந்தான். இஞ்ஞாசி. பிற்பகல் இரண்டு நாற்பது. இடது உள்ளங்கை, ஐந்து தையல்.

நுஹ்மான் அச்செடுத்துத் தந்த தாளை அஞ்சலா நெஞ்சோடு அணைத்துக்கொண்டே லோயருக்கு ஃபோன் எடுத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"மருந்தகத்துல உன் பேரே இல்லன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்களாம் நானா. நேத்து குத்தத்த ஒத்துக்கிட்டு கையெழுத்து வெச்சிட்டானாம். இனி பதிவக் காட்டினாலும் உடனே விடமாட்டாங்களாம்."

"தாள் இருக்கு தங்கச்சி. கோர்ட்டுல வழக்காடலாம்" என்றான் நுஹ்மான்.

"வழக்கு முடிய எத்தன வருசம்?"

பதிலுக்குக் காத்திராமல் அஞ்சலா ஸக்கரியாவின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"பேரக் கொஞ்சம் குட்டையா வெச்சிருந்தா, என் தம்பி இப்ப வீட்டுல இருந்திருப்பான், இல்லயா?"