முன்னிசையில் பேசாதே

டெட்ராய்ட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டிய வேகத்தைப் பார்த்தால், தேவாலயம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் நுழைவதுதான் புத்திசாலிகள் செய்யும் காரியம். லூஷியஸ் டோலிவர் புத்திசாலி என்று அவரைப் பெற்ற தாய்கூடச் சொன்னதில்லை. ஒரு கையில் இசைத்தட்டுப் பெட்டி, இன்னொரு கையில் வெள்ளித்தாளில் சுற்றிய கோழி வறுவலோடு, வானொலி நிலையம் இயங்கிய அந்தப் பழைய மரச்சாமான் கடைக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் நுழைந்தார். மதியம்தான். ஆனால் வானம் சாக்கடைத் தண்ணீர் நிறத்தில் இருண்டு கிடந்தது. கூண்டு லிஃப்ட் வழக்கம்போல் முனகியது. வழக்கத்துக்கு மாறாக, உள்ளே தலைக்குப் பூசும் பிசின் எண்ணெயின் வாசம் அடித்தது. அதற்கு அடியில் ஆஸ்பத்திரி நெடி.

"நம்ம வாசமா இருக்கும்," என்று தன் கோட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

கோழி, முந்தின நாள் சாவு விருந்தில் மிஞ்சியது. செத்தவர், ஆஸ்பத்திரியில் கிடந்து போன இசையமைப்பாளர் அலான்ஸோ ஃபேர்லி. எழுபதுகளில் இந்த ஊரில் காதலித்தவர்கள் எல்லோரும் அவர் போட்ட சோல் என்ற உருக்கமான மெட்டுக்குத்தான் காதலித்தார்கள். கல்யாணமானவர்கள் அவருடைய டிஸ்கோவுக்கு ஆடினார்கள். பிரிந்தவர்கள் மறுபடியும் அவருடைய சோலுக்கே திரும்பி வந்து அழுதார்கள். ஃபேர்லியின் பாட்டு உடனே பாடத் தொடங்காது. முதலில் வயலின்கள் கூட்டமாக இறங்கும், பிறகு வெண்கலச் சிம்பல் சிணுங்கும், பிறகு பேஸ் கிதார் தரைக்கு அடியிலிருந்து ஏறி வரும். பாடுபவரின் குரல் விழுவதற்குள் ஒரு சிகரெட்டில் பாதி கரைந்துவிடும்.

அந்த நீண்ட முன்னிசைதான் லூஷியஸுக்குச் சோறு போட்டது. முன்னிசைமேல் வாய் ஓயாமல் பேசி, குரல் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துவது வானொலிக்காரனின் வித்தை. பலகையில் சாய்ந்து நிற்கும் பெண்ணின் காதோரம் கத்தி எறிகிறானே சர்க்கஸ்காரன், அந்த வித்தை. லூஷியஸ் ஒருமுறைகூடப் பெண்ணைக் குத்தியதில்லை. ஊரே அவருக்குக் கை தட்டியது.

ஃபேர்லி மட்டும் தட்டவில்லை. எழுபத்தெட்டாம் வருடம் ஒரு நாள், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே படியேறி வந்து, மைக்கைப் பிடித்து லூஷியஸின் வாய்க்குள் இடித்தார். முன்பற்கள் இரண்டும் மேஜையில் உருண்டன.

"என் வயலின் மேல எச்சில் துப்புறியா? இன்னிக்குப் பல்லு. இன்னொரு தடவை பேசினா, நாக்கைப் பிடுங்கி எடுத்துட்டுப் போயிருவேன்."

லூஷியஸ் தங்கப் பல் கட்டிக்கொண்டார். அடி வாங்கிய கதையை ஆண்டுதோறும் வானொலியில் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தார். முன்னிசையில் பேசுவதை மட்டும் விடவில்லை. ஃபேர்லியின் பாட்டாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடவே பேசினார்.

நேற்றுச் சாவுச் சடங்கிலும் அதே கதைதான். அஞ்சலி சொல்பவர்களுக்கு இரண்டு நிமிடம் மட்டும் என்று அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். லூஷியஸ் நிறுத்துவதாக இல்லை. அவரை உட்கார வைக்க ஆர்கன்காரர் வாசிக்க ஆரம்பித்தார். கேட்டதும் லூஷியஸின் வாய்க்கு வேகம்தான் கூடியது. முன்னிசையாயிற்றே! பாடகர் குழு வாயைத் திறந்த கணத்தில் கச்சிதமாக நிறுத்தினார். சபை மொத்தமும் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தது.

இறங்கும்போது, திறந்திருந்த சவப்பெட்டியில் வழக்கமான பிசின் எண்ணெய் பூசித் தலை வாரிக் கிடந்தவரைப் பார்த்தார். வாய் திறந்துகொள்ளாதிருக்க ஃபேர்லியின் உதட்டுக்கு உள்ளே போட்டிருந்த தையல் நூல் ஒன்று அறுந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சவம் தைக்கிறவனின் கைவேலை சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஒலிபரப்பு அறையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒடெஸா பிக்கெட் விசைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இவர் பேச, அவள் ஒலியைப் பார்த்துக்கொள்ள, இருபது வருடக் கூட்டு.

"சாவு வீட்டுக் கோழியை இன்னும் விடலையா அண்ணே?"

"செத்தவர் தொடவேயில்ல தங்கச்சி. வீணாப் போகக் கூடாதுல்ல."

"ஒரு நாளைக்கு உன் வாய்தான் உன்னைக் கொல்லப் போகுது."

"கொல்லட்டும். சோறு போட்டதும் அதுதானே?"

ஃபேர்லியின் மனைவி வெர்னிட்டா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கையுறை, மடியில் பெயர் எழுதாத ஓர் இசைத்தட்டு. அவர் எழுந்திருக்கவில்லை.

"நேத்து உன் பேச்சுக்கு நானும்தான் சிரிச்சேன், லூஷியஸ். இன்னிக்குச் சிரிக்க மாட்டேன். இது அவர் கடைசியாப் பண்ணது. உன் நிகழ்ச்சியிலதான் போடணும்னார். வேற எவன்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னார்."

"யாரும்மா பாடியிருக்காங்க?"

"யாரும் பாடல. முன்னிசை மட்டும்தான். பாட ஆள் வேணாமான்னு கேட்டேன். குரல் தானா வந்து சேரும்னார்." வெர்னிட்டா குரலைத் தாழ்த்தினார். "உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இது ஓடும்போது வாயைத் திறக்காத."

லூஷியஸுக்கு மனசு இளகிவிட்டது. யாராவது கெஞ்சினால் அவருக்குத் தாங்காது.

"என் நாக்கு மேல சத்தியம்மா."

சிவப்பு விளக்கு எரிந்தது. அஞ்சலி தொடங்கியது. பழைய பாட்டுகள் போயின, தொலைபேசியில் ஊர் அழுதது, லூஷியஸ் பல் போன கதையைச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் ஒடெஸாகூடச் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். பிறகு அவர் பெயரில்லாத தட்டைச் சுழலவிட்டு, முள்ளை இறக்கினார்.

வயலின்கள் இறங்கின. அழகென்றால் அப்படியொரு அழகு. லூஷியஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிம்பல் சிணுங்கியது. பேஸ் ஏறி வந்தது. நாக்கு வாய்க்குள் கட்டிப்போட்ட நாயாகத் துள்ளியது. அவர் விடவில்லை. வெர்னிட்டா நன்றியோடு அவர் கையைத் தொட்டார்.

அப்போது இசை நின்றது.

தட்டு சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஒலி மட்டும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிமானியின் ஊசிகள் சரிந்து படுத்துவிட்டன. வானொலிக்காரனுக்குப் பேய், பிசாசு, வருமான வரி எதுவும் பயமில்லை. ஒலிபரப்பில் விழும் மௌனம்தான் பயம். இங்கே செத்த நொடி ஒவ்வொன்றிலும் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குத் தாவிவிடுவார்கள். நாற்பது வருடமாக லூஷியஸின் வாய்க்குத் தெரிந்த ஒரே சட்டம் அது: மௌனம் விழுந்தால் நிரப்பு.

ஃபேர்லிக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்துதான் அந்த மௌனத்தை எழுதியிருந்தார்.

வெர்னிட்டாவின் பிடி இறுகியது. ஒடெஸா இரண்டு கைகளையும் ஆட்டினாள். வாய் கேட்டால்தானே!

"அன்பு நெஞ்சங்களே, பயப்படாதீங்க. நம்ம அலான்ஸோ கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறாரு..."

மைக்குக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பிசின் எண்ணெய் வாசம் அறையை நிறைத்தது.

மைக்கைத் தாங்கும் இரும்புக் கை தானாகப் பின்னுக்கு வளைந்தது. அதன் சுருள்வில் கிறீச்சிட்டது.

பிறகு அடித்தது.

தங்கப் பற்கள் பறந்துபோய்ச் சுழலும் தட்டில் விழுந்து கிணுகிணுத்தன. அதே நொடியில் வயலின்கள் திரும்பின, இந்த முறை முரசோடு. டிஸ்கோ முரசுக்கு ஓய்வென்பதே கிடையாது, ஆடிய கால்களுக்கெல்லாம் தெரியும். முரசின் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி. தாடையில் ஒன்று. கன்ன எலும்பில் ஒன்று. மூக்கில் ஒன்று. தாளம் பிசகவேயில்லை. லூஷியஸ் நாற்காலியோடு சரிந்தார். காதொலிக் கருவியின் வடம் கழுத்தைச் சுற்றி இறுக்கி, அவரை மறுபடி மேஜைக்கு இழுத்து நிமிர்த்தியது. அடிப்பதற்கு வாகாக.

ஒடெஸா பாய்ந்து வந்தாள். கதவு திறக்கவில்லை. தீயணைப்பு உருளையைத் தூக்கிக் கண்ணாடியில் வீசினாள். அது உடைந்தபோது சில்லுகள் கீழே விழவில்லை, அவள் மேலேயே பாய்ந்தன. முகமெல்லாம் ரத்தமாக ஏறிக் குதித்து, தட்டின் முள்ளைப் பிடித்தாள். முள் நீண்டு அவள் உள்ளங்கைக்குள் இறங்கி மறுபுறம் எட்டிப் பார்த்தது. அவள் அலறிக்கொண்டே தட்டை மேஜையில் அறைந்து நொறுக்கினாள்.

இசை நிற்கவில்லை.

"அலான்ஸோ! போதும்! விட்டுடு!" என்று கத்தினார் வெர்னிட்டா.

இரும்புக் கை மெல்ல அவர் பக்கம் திரும்பியது. வெர்னிட்டா ஓடவில்லை. முழங்கையை உயர்த்தி முகத்தை மறைத்து, தோளைக் குறுக்கிக்கொண்டார். புதிதாகக் கற்ற அசைவு அல்ல அது. பல வருடம் ஒரு சமையலறையில் பழகியது.

லூஷியஸ் அதைப் பார்த்தார். இத்தனை காலம் பல் போன கதையைச் சிரிப்பாகச் சொன்னோமே, வீட்டில் அவனிடம் அடி வாங்கிய இவளும் சேர்ந்து சிரித்தாளே என்று அந்த நிலையிலும் அவருக்கு உறைத்தது. உடைந்த வாயைத் திறந்து, ரத்தக் குமிழிகளுக்கு இடையே பேசினார்.

"ஏய் அலான்ஸோ... இங்க பாருடா. பேசினது நானு."

கை திரும்பியது.

வாய்க்குள் விரல்கள் நுழைந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. பனியைவிடக் குளிராக இருந்தன. ஒரு விரலில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை அவர் அண்ணத்தில் உணர்ந்தார். அவை நிதானமாக நாக்கின் அடிவேரைத் தேடிப் பிடித்தன.

முன்னிசை முடிந்தது.

குரல் விழுந்தது.

சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து துரத்தப்பட்ட, ஒரு வரிகூடச் சுருதியில் பாடியறியாத லூஷியஸ் டோலிவரின் குரல். அத்தனை இனிமையாக அது என்றுமே இருந்ததில்லை. நொறுங்கிக் கிடந்த இசைத்தட்டுச் சில்லுகளிலிருந்து அது பாட, அவர் தரையில் கிடந்து கேட்டார்.

வலிப்பில் நாக்கைக் கடித்துத் துண்டாக்கிக்கொண்டார் என்று மருத்துவர் எழுதினார். ஸ்டூடியோவைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். தங்கப் பற்கள் கிடைத்தன. நாக்கு கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஊர், இவ்வளவு தத்ரூபமான நாடகத்தை வானொலியில் கேட்டதேயில்லை என்று பூங்கொத்து அனுப்பியது.

லூஷியஸுக்குப் பேச்சு போனாலும் காது இருந்தது. இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஒடெஸா மைக்குக்கு வந்தாள், லூஷியஸ் புதுக் கண்ணாடிக்குப் பின்னால் விசைகளுக்குப் போனார். பாட்டு தொடங்கிவிட்டால் ஒடெஸா இருமக்கூட மாட்டாள். ஊரிலேயே கண்ணியமான அறிவிப்பாளர் என்று பெயர் வாங்கினாள். இடைவேளையில் லூஷியஸ் சிலேட்டில் கெட்ட ஜோக்குகள் எழுதிக் காட்டுவார்.

"உன்னை மாதிரி அமைதியான ஆம்பளையோட வேலை செய்றது எவ்வளவு நிம்மதி தெரியுமா அண்ணே?" என்பாள் அவள். அவர் மறுபடி கட்டிய தங்கப் பல் தெரியச் சிரிப்பார். பிறகு அவளே திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள்.

ஃபேர்லியின் முதலாண்டு நினைவு ஞாயிறன்றும் பனி கொட்டியது. வெர்னிட்டா வரவில்லை. அழைத்ததற்கு, வீட்டில் இன்னும் யாரோ நடமாடுவதுபோல் இருக்கிறது என்றார். ஒடெஸா சுருக்கமாக நாலு வார்த்தை சொல்லி, ஃபேர்லியின் பழைய பாட்டொன்றைத் தொடங்கினாள். வயலின்கள் இறங்கின. அவள் மைக்குக்கு முதுகைக் காட்டி, நாற்காலியைச் சுழற்றித் தொலைபேசியை எடுத்தாள்.

மைக்கை அணைக்க வேண்டியது லூஷியஸின் வேலை. அவர் விசையை அழுத்தினார். சிவப்பு விளக்கு அணையவில்லை. மறுபடி அழுத்தினார்.

தொலைபேசியில் அழைத்த ஒரு மூதாட்டியின் குரல் லூஷியஸின் பக்கத்து ஒலிபெருக்கியில் கேட்டது. "மிஸ் பிக்கெட், நம்ம லூஷியஸ் குணமாயிட்டாராமே! காது குளிர்ந்துச்சும்மா."

"யாரு சொன்னா?" என்றாள் ஒடெஸா. அவள் குரல், வயலின்கள்மேல் விழுந்து ஊர் முழுக்கப் போனது. "அவரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காரு. அவரால பேச முடியாதும்மா."

"என்னடி சொல்ற? இந்தா, பாட்டு மேல பேசிட்டிருக்காரே! இப்பவும் கேக்குது."

"என்ன பேசுறாரு?"

"ஒடெஸா, வாயை மூடு, திரும்பிப் பாருன்னு கெஞ்சுறாரு. ஆளு அழுவுற மாதிரி இருக்கு. என்னம்மா, புது ஜோக்கா?"

லூஷியஸ் இரண்டு முஷ்டிகளாலும் கண்ணாடியைக் குத்தினார். வாய் அகலத் திறந்தது. காற்று மட்டும் வந்தது. அறைக்குள் பிசின் எண்ணெய் வாசம் ஏறியது. ஒடெஸாவின் முதுகுக்குப் பின்னால் சுருள்வில் கிறீச்சிட்டது.

சிம்பல் சிணுங்கத் தொடங்கியது. பேஸ் இன்னும் ஏறி வரவில்லை. அந்தப் பாட்டில் குரல் விழ எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்று, இந்த ஊரில் அவரைவிடத் துல்லியமாகத் தெரிந்தவர் யாருமில்லை.