ஏழு பேர் உறங்கிய குகை

வெறும் கம்பியில்தான் கட்டினாள். பெரிஹானுக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று நாட்களுக்கு முன், இந்த வேலியில் யாரும் துணி கட்டாத இடமாகத் தேடி, மகளின் மஞ்சள் சட்டையில் கிழித்த துண்டை முடிந்துவிட்டுப் போனாள். இப்போது அதைச் சுற்றி இன்னொரு துணி இறுகிக் கிடந்தது. பழுப்பேறிய, மண்வாடை வீசும் முரட்டுத் துணி.

பழைய எபேசு நகரின் இடிபாடுகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வேலிக்கு அப்பால், குகைக்குள் வெட்டிய கல்லறைகள் மீது சாய்வெயில் விழுந்தது. ரோமப் பேரரசனின் வாளுக்குத் தப்பி ஒளிந்த ஏழு கிறிஸ்தவ இளைஞர்கள் பல தலைமுறைக் காலம் உறங்கிய இடம். அதனால்தான் உறங்காத பிள்ளைகளுக்காக ஊர்ப் பெண்கள் இங்கே துணி கட்டுகிறார்கள். எட்டு இரவுகள் ஓயாமல் அழுத ஏழு மாத நாஸ்லி, துணி கட்டிய அன்று மாலையே உறங்கினாள். இன்னும் விழிக்கவில்லை. மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"தூக்கத்துக்குக் கட்டுறவ சும்மா சுத்தி விடணும். முடிச்சா போடுவா? நல்லா வளத்தாங்க உன்னை," என்று ரொட்டிக் கடை ஷெர்மின் அக்கா வாசலிலேயே திட்டியிருந்தாள். "போய் அவிழ்த்துட்டு வா. உன்னோடத மட்டும். அடுத்தவங்க முடிச்சுல கை வச்சிராத."

இரண்டும் பின்னிக் கிடந்தன. நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள். காற்றே இல்லை, ஆனாலும் வேலியின் நூற்றுக்கணக்கான துணிகள் மெல்லக் குகைப் பக்கம் சாய்வதும், பிறகு அவள் பக்கம் திரும்புவதுமாக இருந்தன, உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல. ஓடிவிடலாம் என்றிருந்தது. பிள்ளையின் முகம் கண்ணில் நின்றது. பழந்துணியையும் சேர்த்தே இழுத்தாள்.

இரண்டும் அவிழ்ந்தன. துணிகள் அசைவை நிறுத்தின.

போன் அடித்தது. மருத்துவமனையில் இருந்த கணவன் ஜெவாத்.

"முழிச்சுட்டா பெரிஹான். நாஸ்லி முழிச்சுட்டா."

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பாலுக்கு அழுறாளா?"

"அழவே இல்ல. எழுந்து உக்காந்துட்டா. எல்லார் மூஞ்சியையும் பாக்குறா." அவன் குரல் இறங்கியது. "பேசுறா."

"ஏழு மாசப் பிள்ளை எப்படி ஜெவாத்..."

"என்ன பாஷைன்னே தெரியல. நீயே கேளு."

போனில் வந்தது கரகரத்த ஆண் குரல். ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டது.

அப்போதுதான் குகைக்குள் அழுகை எழுந்தது. கல்லுக்கு அடியில். பசித்தால் நாஸ்லி அழும் அழுகை. பெரிஹானின் மார்பில் பால் சுரந்து சட்டையை நனைத்தது.

வேலி ஏறினாள். விழுந்தாள். கையால் தேடினாள்.

கல்.

கல்.

நகம் பிய்ந்தது. அடியில் அழுகை தேய்ந்து, விசும்பலாகி, உறங்கிவிட்ட பிள்ளையின் சீரான மூச்சாக மாறியது.